முன்பாக்கி

சின்னத்தை விட்டுக்கொடுத்தாயிற்று.
வேகன் சக்கரம் இருந்த இடத்தில்
மெர்குரிக்காரர்களின் சிறகு வந்து உட்கார,
சக்கரத்தில் பாதிதான் மிச்சம்.
அண்டர் பதினாலு பையன்கள் அதைத்
தர்பூசணிக் கீற்று என்கிறார்கள்.

சட்டை இனி ஆரஞ்சு.
எங்கள் கோணி நிறம்
காலரின் உள்பக்கம் ஒரு தையல் அகலத்துக்கு,
போட்டுக்கொண்டவன் கழுத்துக்கு மட்டும்
தெரிகிற மாதிரி.

பெயரும் போயிற்று.
கொருக்குப்பேட்டை கூட்ஷெட் பாய்ஸ் கால்பந்துக் கழகம்:
இவ்வளவு நீளம் ஸ்கோர் பலகை கொள்ளாது என்றார்கள்.
எப்போதுமே கொண்டதில்லை.
கூ.பா. என்று சாக்கட்டியில் எழுதுவார்கள்,
எதிரணி அதைக் கூப்பாடு என்று படிக்கும்.
நாங்களும் கூப்பாடு போட்டுத்தான் ஆடினோம்.

எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டேன்.
பதினொரு பேர் தேறாத இரண்டு கிளப்,
வாடகை கட்ட முடியாத ஒரு மைதானம்,
சேராமல் என்ன செய்வது.

கடைசிக் கூட்டம் காசிமேட்டில், ஐஸ் பேக்டரி மாடியில்.
கீழே பாளம் உடைபடும் சத்தம்.
இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிக்கொண்டு வந்த
ஆடிட்டர் பத்மநாபுலு
ஒரு வரியில் பேனாவை நிறுத்தினார்.
"கமாலுதீன் சாயபு, தோல் சாமான் கடை, பெரியமேடு.
முன்பாக்கி ஏழு ரூபா அம்பது பைசா.
இது யாரு? அடிச்சிடலாமா?"

அடிக்கக் கூடாது என்றேன்.

ஐம்பத்தாறில் மூட்டை இறக்கும் ஒன்பது பேர்
ஆளுக்கு ஒண்ணேகால் ரூபாய் போட்டும்
பந்துக்குப் பற்றவில்லை.
மீதியைப் பொங்கலுக்குக் கொடு என்றாராம் சாயபு.
பொங்கலுக்குப் போனால் கடையில் பூட்டு.
ஏழு ரூபாய் எட்டணா என்று
ஊதா மையில் தேசிங்கு எழுதியதை
மறுவருடம் நயா பைசாவாக்கியது இன்னொரு கை.
அதற்குப் பிறகு பதினேழு கைகள்.
கோப்பை ஜெயித்த வருடமும்
கோப்பையை அடகு வைத்த வருடமும்
நோட்டில் முதல் வரி அதுதான்.

புதிதாய்ப் பொருளாளர் ஆகிறவன்
ஏழரை ரூபாயைப் பையில் போட்டுக்கொண்டு
பெரியமேட்டுக்கு ஒரு நடை போய் வரவேண்டும்.
நான் போனது தொண்ணூற்றெட்டில்.
இரண்டு பேர் தெரியாது என்றார்கள்,
ஒருவர், ஆம்பூர் போயிட்டாங்க என்றார்,
ஒருவர், வசூலா? என்றார்.
கொடுக்க வந்திருக்கேன் என்றதும்
முன்னைவிடச் சந்தேகமாய்ப் பார்த்தார்.

மெர்குரி தலைவர் வின்ஃப்ரெட்
பத்து ரூபாய்த் தாளை மேசையில் வைத்தார்.
"தீந்துச்சா? உங்க கடன நாங்க எதுக்குத் தூக்கணும்?"
யாருக்குத் தீர்ந்தது என்று கேட்டேன்.
ஃபேன் காற்றில் தாள் கிளம்பியது,
அவரே அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் மூலையிலிருந்து
அவர்களுடைய பழைய பேக், சுந்தரவேலு:
"தலைவரே, நமக்கும் ஒண்ணு கீது.
ராஜாபாதர் முட்டைக் கடை.
எம்பத்தி மூணு லீக். நாப்பது முட்டை."
"அது கணக்குலயே இல்லியே."
"அதான் சொல்றேன். கணக்குல இல்ல."

முட்டையை எந்த வருட விலைக்குப் போடுவது என்று
அரை மணி நேரம் சண்டை.
இணைந்த பிறகு நாங்கள் ஆடிய
முதல் ஆட்டம் அது.

புதுப் பொருளாளர் ஜெனோவா,
மெர்குரியின் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர்.
திங்கட்கிழமை பெரியமேட்டிலிருந்து போன்.
பின்னால் ஹாரன், மழை.
"அண்ணே, அந்தச் சந்துல இப்ப ஸ்கூல் பேக் கடை.
ஓனருக்கு சாயபு யாருன்னே தெரியல.
ஆனா பந்தும் விக்கிறாரு.
வேணுமான்னு கேக்குறாரு.
என் கைல ஏழரைதான் கீது."

கொஞ்ச நேரம்
இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.